மாப்பிள்ளை கையால் மாட்டிய டாப் லிங்க்

சரோஜாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். இது சுகம் விசாரிக்கிற கடிதம் இல்லை. இதை நீ அடுப்படியில் நின்றபடியே ஓட்டமாகப் படித்துவிட்டு, மடித்து அரிசிப் பானைக்குள் செருகி வைக்கக் கூடாது. மாப்பிள்ளை ஒர்க்‌ஷாப்பில் இருந்து வந்து, கை கால் கழுவி, சாப்பிட்டு முடித்த பிறகு அவரை உட்காரவைத்து, முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு. சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம். பசியோடு இருக்கிற ஆம்பிளைக்கு எந்தப் பேச்சும் காரமாகத்தான் தெரியும். மாமியார் மாப்பிள்ளைக்கு நேராகக் கடிதம் எழுதுகிற பழக்கம் நம் பக்கத்தில் கிடையாது. அவர் வீட்டுக்குள் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுகிறேன். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் உன்னிடம் சொல்கிறேன், நீ அவரிடம் சொல்கிறாய். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிற மனுஷனுக்கு இப்படிச் சுற்றிவளைத்துச் சொல்வது எனக்கே சில சமயம் சிரிப்பாக இருக்கும். ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். இந்தக் கடிதமும் அதே வழியில்தான் அவரிடம் போய்ச் சேர வேண்டும். நடுவில் நீ ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது, அவ்வளவுதான் உன்னிடம் கேட்கிறேன்.

விஷயத்தை மூடி மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடியில் விருந்துக்கு வந்தபோது மாப்பிள்ளை நம் டிராக்டரில் ஒரு ஹைட்ராலிக் டாப் லிங்க் மாட்டிக்கொடுத்துவிட்டுப் போனார் அல்லவா, அதை அவரே வந்து, அவர் கையாலேயே கழற்ற வேண்டும். மேட்டுக்காட்டில் அப்பா ஏர் ஓட்டுவதற்குள் வந்து கழற்ற வேண்டும். மேட்டுக்காடு எப்போது உழப்படும் என்பது மழை கையில் இருக்கிறது. ஒகேனக்கல் பக்கம் தினமும் சாயங்காலம் கறுத்துக்கொண்டு வருகிறது. நல்ல மழை ஒன்று இறங்கிவிட்டால் அடுத்த ஈரத்துக்குக் காத்திருக்கிற ஆள் இல்லை உன் அப்பா. அவர் அந்த வண்டியோடு அந்தச் சரிவில் ஏறினால் திரும்பி வருவாரா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கிழவி ஏதோ கனவு கண்டுவிட்டு உளறுகிறாள் என்று நினைக்காதே. நான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

நீ டிராக்டர் பக்கமே போகாத பிள்ளை. டீசல் நாற்றம் தலைவலி என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாய். அதனால் உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கலப்பையை டிராக்டர் மூன்று கைகளால் பிடித்திருக்கிறது. கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. அந்த மேல் கைக்குத்தான் டாப் லிங்க் என்று பெயர். அதை நீட்டினால் கலப்பை மூக்கைத் தூக்கிக்கொள்ளும், குறுக்கினால் மூக்கு மண்ணுக்குள் குத்தும். பழையது திருகு போட்டது. நம் காடு சமமாகவா இருக்கிறது? ஏறும்போது ஒரு அளவு வேண்டும், இறங்கும்போது ஒரு அளவு வேண்டும். அதற்காக அப்பா காட்டின் ஒவ்வொரு கோடியிலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, திருகைத் திருகிவிட்டு மறுபடி ஏறுவார். கிணற்றுப் படியில் விழுந்ததில் இருந்து அவர் முட்டி எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு 'முருகா' என்பார். வேறு எதற்கும் கூப்பிடாத சாமியை அந்த ஒரு முட்டிக்காகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை நம் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோதே இதைக் கவனித்திருக்கிறார். எனக்கு அதில் இன்றைக்கும் சந்தோஷம்தான், அதை மறைக்க மாட்டேன். வருகிறவன் பெண்ணைப் பார்ப்பான், நகையைப் பார்ப்பான், வீட்டுக் கூரையைப் பார்ப்பான். இவர் மாமனார் முட்டியைப் பார்த்திருக்கிறார். ஆடி விருந்துக்கு வரும்போது எல்லா மாப்பிள்ளைகளும் வெறுங்கையோடு வந்து வேட்டி சட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். இவர் ஓசூரில் இருந்து பஸ்ஸில், கோணிப்பையில் சுற்றி, ஒரு இரும்பு உருளையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பெங்களூரில் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்ததாம். ஏதோ மண் தோண்டுகிற மிஷினில் இருந்து கழன்றதாம். அதைத் துடைத்து, உள்ளே புது வாஷர் போட்டு, பச்சை பெயிண்ட் அடித்து, ஆயில் பைப்போடு கொண்டுவந்திருந்தார். திருகுக்குப் பதில் இதுதான் மேல் கை, இனிமேல் இறங்கவே வேண்டாம், சீட்டில் உட்கார்ந்தபடியே பிடியைத் தள்ளினால் மேல் கை நீளும், இழுத்தால் குறுகும் என்று அவர் சொன்னபோது உன் அப்பா முகத்தை நீ பார்த்தாய். உன் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு இல்லை.

ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. நான் மஞ்சள் குங்குமம் வைத்தேன், அப்பா தேங்காய் உடைத்தார். உன் பெரியப்பா வந்து நின்றுகொண்டு, "மாமனாருதான் மாப்ளைக்கு மோதரம் போடுவான், வாட்ச்சு போடுவான். இங்க என்னடான்னா மாப்ள மாமனாருக்கு ஜாக்கி போட்டுட்டாரு. காலம் தலகீழா போச்சுப்பா" என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். அந்தக் கேலிதான் இப்போது உன் அப்பா கழுத்தில் கயிறாக விழுந்து கிடக்கிறது. மாமனார் மாப்பிள்ளைக்குச் செய்வது முறை. மாப்பிள்ளை செய்து மாமனார் வாங்கிக்கொண்டால், வாங்கிய பொருளைப் பற்றி ஒரு குறை சொல்ல மாமனாருக்கு வாய் இருக்குமா?

இப்போது நான் சொல்லப்போவது உனக்கு ஞாபகம் இருக்கும். மாப்பிள்ளை அந்த உருளையை மாட்டப் பார்த்தபோது இடம் போதவில்லை. கொஞ்சம் நீளம். டிராக்டர் பக்கம் மேல் கை மாட்டுகிற இடத்தில் தடியான ஒரு ஸ்பிரிங் இருந்தது. அவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டியை அதியமான்கோட்டை வெல்டிங் கடைக்கு ஓட்டிக்கொண்டு போய், அந்த இடத்தில் ஒரு இரும்புத் தகடு பற்றவைத்துக்கொண்டு வந்தார். அந்தத் தகட்டில்தான் உருளை இன்றைக்கும் மாட்டியிருக்கிறது. எனக்கு அந்த ஸ்பிரிங்கைத் தெரியும். டிராக்டர் வந்த அன்றைக்கு அதைக் கொண்டுவந்து விட்ட ஆளுக்கு நான் மோர் கொடுத்துக்கொண்டிருந்தேன், அப்போது அவர் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கலப்பை மண்ணுக்குள் பாறையில் மோதினால் அந்த ஸ்பிரிங் அமுங்குமாம், அது அமுங்கினால் கலப்பை தானாகவே மேலே ஏறிக்கொள்ளுமாம். நானும் வருஷக்கணக்காக வண்டிக்குப் பின்னால் கல் பொறுக்கிக்கொண்டு நடந்தவள். கலப்பை கல்லில் இடித்ததும் சட்டென்று எழும்பி, தாண்டியதும் மறுபடி இறங்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதனால் அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு உன்னிடம் சொன்னேன்: "அந்த ஸ்பிரிங்க எடுத்துட்டா, கல்லுல மோதறப்ப கலப்பை எப்படித் தூக்கும்னு அவருகிட்ட கேளு."

நீ திரும்பி, "ஏங்க, அம்மா காப்பி வெக்கட்டுமான்னு கேக்குதுங்க" என்றாய்.

அவர் தலையைத் தூக்காமல், "வெக்கச் சொல்லு. சக்கர கம்மியா" என்றார்.

நானும் போய் காப்பி வைத்தேன். சர்க்கரையும் கம்மியாகத்தான் போட்டேன். அப்புறம் உன்னை அடுப்படிக்கு இழுத்துக் கேட்டபோது நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு எவ்ளோ ஆசையா செஞ்சுக்கிட்டு இருக்காரு. அதுல போயி நொட்ட சொன்னா நல்லாவா இருக்கும்? விடும்மா, அதெல்லாம் அவருக்குத் தெரியும்" என்றாய். உன்மேல் எனக்குக் கோபம் வந்தது, கூடவே ஒரு பெருமையும் வந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் உனக்குத் தலை பின்னிக்கொண்டே நான் சொன்னதைத்தான் நீ செய்தாய். போகிற வீட்டில் யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே கொண்டுபோய்க் கொட்டாதே, முள்ளை எடுத்துவிட்டு மீனைக் கொடு என்று நானே சொல்லிக்கொடுத்தேன். மாமியாருக்கும் மருமகளுக்கும், அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் அது நல்ல புத்திதான். பாதி வீடுகள் அப்படித்தான் இடியாமல் நிற்கின்றன. ஆனால் இரும்புக்கு நடுவில் அது உதவாது என்று சொல்லிக்கொடுக்க எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைமேலும் குற்றம் இல்லை. அவர் கை வைக்கிற வண்டி எல்லாம் தார் ரோட்டில் ஓடுகிற லாரி. நம் காட்டில் மண்ணுக்குக் கீழே என்ன படுத்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார்.

ஆவணியில் அப்பா கீழ்க்காட்டை உழுதார். கீழ்க்காடு கொஞ்சம் சமமான இடம், அங்கே பெரிய பாறை கிடையாது என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிற இடம். நான் வழக்கம்போலப் பின்னால் வேர் பொறுக்கிக்கொண்டு போனேன். முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்பா சீட்டில் இருந்து இறங்காமலேயே பிடியைத் தள்ளுவதும் இழுப்பதுமாகத் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். வேலி ஓரம் திரும்பி மேலே ஏறும்போது கலப்பை எதிலோ மாட்டியது. முன்பெல்லாம் எழும்புகிற கலப்பை எழும்பவில்லை. வண்டி நின்றது, இஞ்சின் நிற்கவில்லை. பின்சக்கரம் மண்ணைப் பிடித்துக்கொண்டு முக்கியது. அப்போது முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின, சரோஜா. சத்தமே இல்லாமல், மெதுவாக, அடுப்பில் பால் பொங்கி வருகிற மாதிரி எழும்பின. சக்கரத்துக்குக் கீழே அந்தப் பக்கத்து வேலி எனக்குத் தெரிந்தது. அப்பா கையில் ஸ்டீயரிங் வெறுமனே சுற்றியது. எப்படியோ கிளச்சை மிதித்துவிட்டார். வண்டி தொப்பென்று கீழே விழுந்தது, அவர் பல்லோடு பல் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது.

அவர் இறங்கிக் கல்லைப் பார்க்கவில்லை, கலப்பையைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைத்தான் பார்த்தார். நான் பார்த்துவிட்டேனா என்று பார்த்தார். "ஒண்ணுமில்ல. ஈரம் பத்தல" என்றார். ஈரம் பத்தாமல் எந்த டிராக்டரும் எழுந்து நின்றதை நான் கேள்விப்பட்டதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் களி உருண்டையை உருட்டிக்கொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை.

அவர் எதை நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். பாப்பாரப்பட்டி சந்தைக்கு அப்பாவோடு போவாரே, பெரிய மீசைக்காரர், உனக்குப் பொரிகடலை வாங்கிக்கொடுப்பாரே, அவர் எப்படிச் செத்தார் என்று உனக்கு நாங்கள் சொல்லவில்லை. உன் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம், வீட்டில் அபசகுனப் பேச்சு வேண்டாம் என்று மூடிவிட்டோம். அவர் காட்டில் ஒரு புளியமரத்து வேர். அதைப் பிடுங்குவதற்குச் சங்கிலியைக் கீழே கொக்கியில் மாட்டாமல், உயரம் இருந்தால் இழுவை நன்றாக வரும் என்று மேல் கை மாட்டுகிற ஓட்டையில் மாட்டியிருக்கிறார். வேர் வரவில்லை, வண்டிதான் வந்தது. முன்பக்கம் எழும்பி, நின்று, அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டது. குதிப்பதற்கு நேரம் இருக்காதாம். அப்பா போய்த்தான் மற்றவர்களோடு சேர்ந்து வண்டியைத் தூக்கினார். நான் துக்கம் கேட்கப் போனபோது அவர் சம்சாரம் என்னிடம் ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "கூப்புடறதுக்குள்ள முடிஞ்சிருச்சுக்கா." அப்பா அதற்கப்புறம் பல நாள் டிராக்டரைத் தொடவில்லை. இதெல்லாம் தெரிந்த மனுஷன்தான் இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு அந்த வண்டியில் ஏறுகிறார்.

கீழ்க்காட்டுச் சங்கதி நடந்த சில நாளில் புரட்டாசிச் சனிக்கிழமை வந்தது. இட்லிக்கு அரிசி ஊறவைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனால் ஆட்டுக்கல்லைக் காணோம். ஆட்டுக்கல்லை எவனாவது திருடுவானா? மண்ணில் இழுத்துக்கொண்டு போன தடம் தெரிந்தது. தடத்தோடு போனால் அது டிராக்டர் கொட்டகையில் போய் முடிந்தது. வண்டிக்கு முன்னால், பானெட்டுக்குக் கீழே, ஆட்டுக்கல்லைச் சங்கிலி போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படித்தான் இழுத்தாரோ. எனக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அந்தச் சங்கிலியை எத்தனை சுற்றுச் சுற்றியிருக்கிறார், எப்படி முடிச்சு போட்டு இழுத்துப் பார்த்திருக்கிறார் என்று பார்த்தேன். பயந்தவன் கட்டுகிற கட்டு அது. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"எதுக்குங்க இது?" என்று கேட்டேன்.

"முன்னாடி கொஞ்சம் லேசா இருக்குது. பாரம் இருந்தா நல்லா புடிச்சு ஓடும்."

"இத்தன வருசமா லேசா இல்லாதது இப்ப ஏன் லேசா ஆச்சு?"

அவர் துணியை எடுத்து அந்தப் பச்சை உருளையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நான் விடவில்லை. பழைய திருகு டாப் லிங்க் கொட்டகையிலேயே சாத்தி வைத்திருக்கிறது, ஸ்பிரிங்கும் அங்கேயே இருக்கிறது, வெல்டிங் கடையில் தகட்டை எடுத்துவிட்டு இரண்டையும் மாட்டினால் ஒரு நாள் வேலை என்று சொன்னேன். அப்போதுதான் மனுஷனுக்குக் கோபம் வந்தது. "அவரு தோள்ல சொமந்துகிட்டு வந்து அவரு கையால மாட்டுனது. அத நான் கழட்டிப் போட்டா தீவாளிக்கு வர்றப்ப அவரு மொகத்துல எப்படி முழிக்கறது? ஊரு என்னா பேசும்? மாப்ள குடுத்தது புடிக்கலன்னு பேசுவானுங்க. புள்ள அங்க வாழ வேணாமா?" என்றார். பார்த்தாயா, கடைசியில் எல்லாம் உன்னிடம்தான் வந்து நிற்கிறது. உன் வாழ்க்கைக்காக அவர் அந்தச் சீட்டில் உட்காருகிறாராம். நீ இதைக் கேட்டாயா? மாப்பிள்ளை கேட்டாரா?

நான் ஒரு காரியமும் செய்து பார்த்தேன். உருளையை மாட்டியிருக்கிற இரும்பு முளையை, அந்தப் பின்னை உருவி, முந்தானையில் முடிந்து, அரிசி மூட்டைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அது இல்லாவிட்டால் உழமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் எங்கேயோ கிடந்த ஒல்லியான போல்ட் ஒன்றைச் செருகி, நுனியில் கம்பி சுற்றி வைத்திருக்கிறார். அந்த போல்ட் முறிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். நானே பின்னை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். "கொட்டாயில கெடந்துச்சு" என்றேன். "ம்" என்று வாங்கிக்கொண்டார். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், இரண்டு பேரும் ஒன்றும் நடக்காத மாதிரி கஞ்சி குடித்தோம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினால் இப்படியெல்லாம் நடிப்பு வந்துவிடும். நீ இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறாய். உனக்கு இந்த நடிப்பு வர வேண்டாம்.

ஓசூருக்கு நானே வந்து சொல்லியிருக்கலாமே என்று நீ நினைக்கலாம். கட்டிக்கொடுத்த முதல் வருஷத்தில் சம்பந்தி வீட்டார் அழைக்காமல் பெண்ணைப் பெற்றவள் போய் நின்றால், அங்கே ஏதோ சண்டை என்றுதான் அக்கம்பக்கம் பேசும். அந்தப் பேச்சைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் நான் ஒரு நாள் ஊரில் இல்லை என்று தெரிந்தால் அன்றைக்கே அவர் மேட்டுக்காட்டுக்குப் போய்விடுவார். என் கண்ணுக்கு முன்னால் நடக்கக் கூடாது என்பதுதான் அவர் கவலை, நடக்கக் கூடாது என்பது இல்லை. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வந்து இறங்கும்போது மேட்டுக்காடு முழுக்க உழுது, கொள்ளு விதைத்துக் கிடக்க வேண்டுமாம். அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம். "மாப்ள, நீங்க மாட்டிக்குடுத்ததுல ஓட்டுனதுங்க" என்று சொல்ல வேண்டுமாம். தினமும் ராத்திரி சாப்பிடும்போது இதைத்தான் சொல்கிறார். சின்னப் பிள்ளை பட்டாசுக்கு ஆசைப்படுகிற மாதிரி ஆசைப்படுகிறார். 

மேட்டுக்காடு எப்படிப்பட்ட இடம் என்று உனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியாது. நீயே சொல்லு அவருக்கு. மேலே போகப் போகச் செங்குத்து. செம்மண் ஒரு சாண் கூட இல்லை, அதற்குக் கீழே யானை முதுகு மாதிரி பாறை. மாட்டேர் இருந்த காலத்தில் கொழு உடையாத வருஷம் கிடையாது. மாடு கல்லில் இடித்தால் நின்றுவிடும், அதற்கு உயிர் இருக்கிறது. போன வருஷம்வரைக்கும் டிராக்டரும் அந்த ஸ்பிரிங் புண்ணியத்தில் இடித்ததும் கலப்பையைத் தூக்கிக்கொண்டது. இந்த வருஷம் எது தூக்கும்? கீழ்க்காட்டு லேசான ஏற்றத்திலேயே எழும்பிய வண்டி, ஏற்கெனவே மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற இடத்தில் என்ன செய்யும்? நான் படித்தது எட்டாம் வகுப்பு. மாப்பிள்ளை ஐ.டி.ஐ. படித்தவர். இதை அவர் ஒரு நொடியில் புரிந்துகொள்வார், நானும் ஒன்றும் புரியாமல் கேட்கவில்லை.

மாப்பிள்ளையிடம் இதையும் வாசி. தம்பி, நீங்கள் செய்தது அன்பு. இந்த வீட்டில் நாங்கள் யாரும் அதை மறக்க மாட்டோம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று ஆம்பிளைகள் நினைக்கிறீர்கள். கொடுத்தவரே வந்து, "மாமா, இதுல ஒரு வேல பாக்கி இருக்குதுங்க, சரியா பண்ணிட்டு மாட்டித்தர்றேன்" என்று சொல்லிக் கழற்றினால் அவர் சந்தோஷமாகக் கையில் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பார். உங்கள் கையால் மாட்டியதை இந்த உலகத்தில் உங்கள் கை மட்டும்தான் கழற்ற முடியும். அந்த ஸ்பிரிங்கை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அதோடு சேர்ந்து வேலை செய்கிற அளவில் சின்ன உருளையாகக் கிடைத்தால் அப்புறம் மாட்டுங்கள், நானே மறுபடி மஞ்சள் குங்குமம் வைக்கிறேன். கிடைக்காவிட்டால் பழைய திருகே போதும். முட்டி வலித்தால் எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம். நான் தேய்த்துவிடுகிறேன்.

இப்படி நேராகப் பேசிவிட்டாளே மாமியார் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு வரும்போது நான் மறுபடி கதவுக்குப் பின்னால் போய்விடுகிறேன்.

சரோஜா, இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் மழை இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். நேற்றுச் சாயங்காலம் தெற்குப் பக்கம் மின்னியது. அப்பா வாசலில் நின்றுகொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மனசைக் கிளறிவிட வேண்டும், திட்டட்டும், சண்டை போடட்டும், அப்படியாவது வாயைத் திறக்கட்டும் என்று, "மேட்டுக்காட்டுக்கு நானும் வர்றேன். ஆட்டுக்கல்லு மட்டும் பத்தாது. நான் முன்னாடி பானெட்டு மேல ஒக்காந்துக்கறேன்" என்றேன். பொம்பளை டிராக்டரில் கை வைத்தாலே முறைக்கிற மனுஷன். மட்கார்டில்கூட என்னை இதுவரைக்கும் உட்காரவிட்டதில்லை. கத்துவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கத்தவில்லை. வாயில் இருந்த வெற்றிலையை மென்று முடித்துத் துப்பினார். என் பக்கம் திரும்பாமலேயே, "பழைய சாக்கு ஒண்ண மடிச்சுப் போட்டுக்க. பானெட்டு சூடேறும்" என்றார்.

சாக்கை எடுத்து வெயிலில் உலர்த்தி வைத்திருக்கிறேன். மழை பெய்த மறுநாள் காலையில் நான் அதில் உட்கார்ந்திருப்பேன். மாப்பிள்ளையால் அதற்குள் வர முடியாது என்றால், ஒன்றை மட்டும் அவரிடம் கேட்டு உடனே எழுது. அந்தச் சரிவில் வண்டி எழும்பாமல் பிடித்துவைக்க நான் ஒருத்தி போதுமா?

அம்மா